சிவப்பெல்லாம் மாணிக்கம் இல்லை: முதன்முதலாகக் கல் வாங்கப் போகிறவர்களுக்கு

ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து சிவப்புக் கற்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மாணிக்கம், ஒன்று ஸ்பினல், ஒன்று கார்னெட், ஒன்று ஆலையில் வளர்த்த மாணிக்கம், கடைசியாக ஒரு சிவப்புக் கண்ணாடி. நகையில் ஏறிவிட்டால் ஐந்துக்கும் வீட்டில் ஒரே பெயர்தான்: கெம்பு. விலையில் மட்டும் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கண்ணில் முதலில் படுவது நிறம். கல் எது என்பதைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்வதும் அந்த நிறம்தான். இதை மனதில் வாங்கிக்கொண்டால் மீதியெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

மதுரை தெற்காவணி மூல வீதிக்கு ராசிக்கல் மோதிரம் வாங்கக் கிளம்புகிறவர்களையும், பாட்டி கொடுத்த தோட்டில் இருப்பது என்ன கல் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களையும் நினைத்து எழுதியது இது. எந்த நட்சத்திரத்துக்கு எந்தக் கல் என்பதை ஜோசியர் சொல்லட்டும். அவர் சீட்டில் எழுதிக் கொடுத்த கல்தான் கைக்கு வந்திருக்கிறதா என்று பார்ப்பது வாங்குகிறவரின் பொறுப்பு.

முதலில் சில சொற்கள்

மண்ணிலோ சிப்பியிலோ தானாக விளைந்தது இயற்கைக் கல். ஆலையில் வளர்த்தது செயற்கைக் கல். உட்பொருளும் கடினமும் எடையும் இயற்கைக் கல்லுக்கு உள்ளவையேதான், பிறந்த இடம்தான் வேறு. பார்வைக்கு மட்டும் ஒத்திருப்பது போலி. அது கண்ணாடியாக இருக்கலாம், பிளாஸ்டிக்காக இருக்கலாம், விலை குறைந்த வேறொரு இயற்கைக் கல்லாகவும் இருக்கலாம். நான்காவதாக ட்ரீட்மென்ட்: இயற்கைக் கல்லையே சூடேற்றியோ, விரிசலில் எண்ணெய் அல்லது கண்ணாடி நிரப்பியோ, சாயம் ஏற்றியோ அழகாக்குவது.

கடையில் அடிக்கடி காதில் விழும் ‘ஒரிஜினல்’ என்ற சொல் இந்த நான்கில் எதையும் உறுதி செய்யாது. செயற்கை மாணிக்கமும் ஒரு பொருளில் மாணிக்கம்தானே. ஆகவே ‘ஒரிஜினலா?’ என்று கேட்காதீர்கள். ‘இயற்கையா, லேப்பில் வளர்த்ததா? என்ன ட்ரீட்மென்ட் செய்திருக்கிறது? பில்லில் அப்படியே எழுதித் தருவீர்களா?’ என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் முதல் இரண்டு பதில்களின் எடையைக் காட்டும்.

‘இது பாட்டி காலத்துக் கல், அதனால் அசல்’ என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். பொடியைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையைப் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுயி 1902-இலேயே உலகுக்கு அறிவித்துவிட்டார். நூறு ஆண்டுப் பழைய அட்டிகையிலும் செயற்கைக் கெம்பு இருக்க முழு வாய்ப்பு உண்டு. திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது நெடுநாளைய தொழில். அந்தக் கல் தன் பெயரிலேயே விற்கப்படும்வரை அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெயர்களும் ஏமாற்றும். கீழடியில் கிடைத்த சிவந்த சூதுபவள மணிகளைப் பார்த்திருப்பீர்கள். பெயரில் பவளம் இருந்தாலும் அது கடலில் விளைந்ததல்ல, படிகம் (குவார்ட்ஸ்) வகையைச் சேர்ந்த கல். அதுபோலப் புஷ்பராகம் என்ற சொல்லில் மஞ்சள் சஃபையரும் புழங்குகிறது, டோபாஸும் புழங்குகிறது. இரண்டும் வேறு வேறு கல், விலையும் வெகுதூரம். ஜோசியர் சொல்லும் கனகபுஷ்பராகம் பெரும்பாலும் மஞ்சள் சஃபையர்தான். பில்லில் அந்தப் பெயர் இருக்கட்டும்.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு. ஒரு டார்ச். 365 நானோமீட்டர் புற ஊதா லைட். கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் லைட்டும் ஓரளவு உதவும். போலராய்டு கூலிங்கிளாஸ். ஒரு சாமணம், வெள்ளைத் துணி. இருபது, முப்பது மடங்கு என்று அச்சிட்டு மலிவாக வரும் லென்ஸ்களை விட்டுவிடுங்கள். ஓரத்தில் உருவம் வளையும், பார்வைப் பரப்பு குறுகும், புதியவருக்கு எதுவுமே பிடிபடாது.

லென்ஸைக் கல்லின் மேல் வைத்துக் கண்ணைத் தூரத்தில் வைத்துக்கொள்வது எல்லோரும் செய்யும் முதல் தவறு. லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும். கல்லைத்தான் அதன் முன்னால் கொண்டுவர வேண்டும். சுமார் இரண்டரை சென்டிமீட்டரில் உருவம் தெளியும். லென்ஸ் பிடித்த கையைக் கன்னத்தில் ஊன்றுங்கள், கல் பிடித்த கை அந்தக் கையைத் தொட்டபடி இருக்கட்டும், நடுக்கம் நின்றுவிடும். டார்ச் ஒளி பக்கவாட்டிலிருந்து வரட்டும். பார்க்கும் முன் கல்லைத் துடைத்துவிடுங்கள். மேலே ஒட்டிய தூசியை உள்ளே இருக்கும் புள்ளி என்று நினைத்துக் குழம்பாதவர் யாரும் இல்லை.

உள்ளே என்ன தேடுவது? மதுரைக் கடைத்தெருவைப் பாடும்போதே சிலப்பதிகாரம் வைரத்தின் குற்றங்களைக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று நான்காகப் பிரித்துச் சொல்லிவிட்டது. காக்கைக் கால் போன்ற விரிசல், கறை, புள்ளி, கோடு. இன்று லென்ஸ் வழியே தேடுவதும் ஏறக்குறைய இவைதான். ஒரு வேறுபாடு உண்டு. விலை குறைப்பதற்காக மட்டும் நாம் குற்றம் பார்ப்பதில்லை. கல் எங்கே பிறந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஊசி போன்ற இழைகள், குட்டிப் படிகங்கள், கைரேகை போன்ற வலைகள் இருந்தால் இயற்கைக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். உருண்டைக் காற்றுக் குமிழும் சுழிந்தோடும் கோடும் தெரிந்தால் அது கண்ணாடி. கிராமபோன் தட்டின் கோடுகள் போல வளைந்த அடுக்குகள் தெரிந்தால் சுடரில் வளர்த்த செயற்கைக் கல். பெரிய கல், லென்ஸிலும் ஒரு மாசு இல்லை, விலையும் மலிவு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கவனமாக இருங்கள்.

தண்ணீரில் எடை போடுவது

நகையில் பதிக்காத தனிக் கல்லுக்கு இதைவிட நேர்மையான வீட்டுச் சோதனை கிடையாது. ஒவ்வொரு கல்லுக்கும் அதே அளவு தண்ணீரோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு கனம் என்ற எண் உண்டு. அந்த எண்ணை நிறத்தால் ஏமாற்ற முடியாது.

1. கல்லை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 1.20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 1 காரட் 0.2 கிராம் என்பதால் இது 6 காரட்.

2. ஒரு சிறு கண்ணாடித் தம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கலக்குங்கள். தம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள்.

3. கல்லை மெல்லிய நைலான் இழையில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக அமிழும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது.

4. இப்போது தராசு காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுங்கள்.

0.30 காட்டினால் விடை 4.00. மாணிக்கம், நீலம், மஞ்சள் சஃபையர் மூன்றுக்கும் உரிய எண் அது. மூன்றும் குருந்தம் என்ற ஒரே கனிமத்தின் நிற வேறுபாடுகள். 0.33 காட்டினால் 3.6 பக்கம்: கோமேதகமாகவோ ஸ்பினலாகவோ இருக்கலாம். வைடூரியம் 3.73, வைரம் 3.52, மரகதம் 2.72, படிகம் 2.65. அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கும் ஜிர்கோனியா 5.6-க்கு மேல் போகும். அதே பருமனில் உள்ள வைரத்தைவிட அது ஒன்றரை மடங்குக்கும் அதிகக் கனம்.

எண் பிசகினால் முதலில் காற்றுக் குமிழைச் சந்தேகியுங்கள். கல்லில் ஒரு குமிழ் ஒட்டியிருந்தாலும் கல் இருப்பதைவிடப் பெரிதாகக் கணக்கில் வந்து விடை குறைந்துவிடும். சோப்புத் திரவம் சேர்ப்பது அதற்காகத்தான். அடுத்தது மின்விசிறி, நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். மூன்றாவது கல்லின் அளவு. 0.30 என்ற அளவில் 0.01 பிசகினாலே விடை 3.87-க்கும் 4.14-க்கும் இடையில் ஆடும். 2 காரட்டுக்குக் குறைந்த கல்லுக்கு இந்தத் தராசு போதாது. கோத்த முத்துக்கும், இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய ஒட்டுக்கல்லுக்கும் இது வேண்டாம்.

கூலிங்கிளாஸும் லேப்டாப்பும்

லேப்டாப்பில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். போலராய்டு கூலிங்கிளாஸைத் திரைக்கு முன் பிடித்து மெல்லத் திருப்பினால் ஒரு நிலையில் திரை கறுத்துவிடும். அந்த நிலையில் கண்ணாடியை நிறுத்தி, திரைக்கும் அதற்கும் நடுவில் கல்லைச் சாமணத்தால் பிடித்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். மாணிக்கம், நீலம், மரகதம், படிகம், டோபாஸ் ஆகியவை ஒரு சுற்றில் நான்கு முறை மின்னி அணையும். கண்ணாடி, ஸ்பினல், கார்னெட், வைரம், ஜிர்கோனியா ஆகியவை பெரும்பாலும் கறுத்தே இருக்கும். ஒரே பக்கமாகப் பார்த்து முடிவு கட்டக்கூடாது. மாணிக்கமும் ஒரு குறிப்பிட்ட திசையில் பார்த்தால் மின்னாது. மூன்று பக்கங்களிலும் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியில் பாம்பு நெளிவது போன்ற மங்கிய நிழல் ஓடலாம். அதை மின்னல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது தொடக்கத்தில் வைத்த ஐந்து கற்களுக்குத் திரும்புவோம். எடை 3.6, மின்னவில்லை என்றால் ஸ்பினல். எடை 4 பக்கம் வந்தும் மின்னவில்லை, புற ஊதா ஒளியிலும் செத்துக் கிடக்கிறது என்றால் கார்னெட். உள்ளே குமிழ் இருக்கிறது, மின்னவில்லை, உதட்டில் வைத்தால் சீக்கிரம் சூடாகிறது என்றால் கண்ணாடி. மிச்சம் இரண்டும் 4.00 காட்டும், மின்னும், புற ஊதா ஒளியில் தணல் போலச் சிவக்கும். செயற்கையானது பெரும்பாலும் கூடுதலாகவே ஒளிரும். ஆனால் அந்த ஒளியை வைத்து இயற்கை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இரும்புச் சத்து மிகுந்த இயற்கை மாணிக்கம் மங்கலாகவும் இருக்கும். வளைந்த அடுக்கு இருக்கிறதா என்று லென்ஸில் பார்ப்பதும், அதற்குப் பிறகு லேப் ரிப்போர்ட்டும்தான் வழி.

கல் கல்லாக

இன்று மாணிக்கத்தில் பெரிய ஆபத்து செயற்கைக் கல் அல்ல. ஈயக் கண்ணாடி நிரப்பிய இயற்கைக் கல்தான். விரிசல் மண்டிய, மதிப்பே இல்லாத கல்லைக் கண்ணாடியால் நிரப்பினால் பளபளவென்று ஆகிவிடும். 2004 வாக்கில் சந்தைக்கு வந்து இன்று எங்கும் கிடைக்கிறது. லென்ஸில் கல்லை மெல்ல ஆட்டிப் பாருங்கள். விரிசல்களின் உள்ளிருந்து நீல மினுக்கம் எழும், தட்டையான குமிழ்களும் தெரியும். இதைப் பத்தர் தெரியாமல் ஊதுகுழல் சூட்டில் காட்டினால் கல் பாழ். எலுமிச்சைச் சாறே நிரப்பிய கண்ணாடியை அரித்துவிடும். நல்ல மாணிக்கத்தையும் சூடேற்றி நிறம் தெளிய வைப்பதுண்டு. அது நிலையானது, உலகம் முழுதும் ஏற்றுக்கொண்டது. சூடேற்றியதும் கண்ணாடி நிரப்பியதும் ஒன்றல்ல.

நீலமும் குருந்தமே. வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு மேலிருந்து பாருங்கள். இயற்கை நீலத்தில் நிறம் சமமாகப் பரவியிருப்பது அரிது. நேர்கோட்டுப் பட்டைகளாக, சில வேளை கோணம் மடங்கி நிற்கும். பட்டை வளைந்தால் செயற்கை. மஞ்சள் சஃபையர் என்று சொல்லிச் சிட்ரின் என்ற மஞ்சள் படிகத்தைக் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. தண்ணீர் எடையில் 4-க்குப் பதில் 2.65 வரும், உடனே தெரிந்துவிடும்.

மரகதத்தில் நிலைமை வேறு. மீனாட்சியை மரகதவல்லி என்று கும்பிடும் ஊரில் பச்சைக் கல்லின் மேல் ஆசை அதிகம், ஏமாறுவதும் அதற்கேற்ப. மரகதத்தின் 2.72-ம் படிகத்தின் 2.65-ம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் சாயம் ஏற்றிய படிகத்தைத் தராசு பிரித்துக் காட்டாது. லென்ஸில் பார்த்தால் சாயம் விரிசல்களில் தேங்கிக் கோடுகோடாக நிற்கும். உண்மையான மரகதத்தின் உள்ளே பாசி படர்ந்தது போன்ற தோற்றம் இருக்கும். அது இல்லாத பெரிய மரகதம் அபூர்வம். அதன் விரிசல்களில் எண்ணெய் ஏற்றுவது வழக்கம். ஆகவே வெந்நீர், நீராவி, கடையில் இருக்கும் அல்ட்ராசோனிக் இயந்திரம் எதுவும் இதற்கு ஆகாது. எண்ணெய் வெளியேறினால் முன்பு கண்ணுக்குத் தெரியாத விரிசலெல்லாம் வெளுத்துத் தெரியும்.

கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் வைரத்தின் கடினம் 10, இன்னொரு வைரத்தைத் தவிர வேறு எந்தக் கல்லும் அதைக் கீறாது. ஆனால் சுத்தியல் அடியில் பிளந்துவிடும். கடினம் வேறு, உடையாமை வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனையோ நல்ல கற்கள் உடைந்திருக்கின்றன. கடைகளில் இருக்கும் பேனா போன்ற வைரச் சோதனைக் கருவி வெப்பக் கடத்தலைப் பார்க்கிறது. வைரம் போலவே தோன்றும் மொய்சனைட் என்ற வேறு கல்லையும் அது வைரம் என்றே சொல்லிவிடும். லென்ஸில் சற்றுச் சாய்வாக உள்ளே பாருங்கள். பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தால் மொய்சனைட். லேப்பில் வளர்த்த வைரத்தை லென்ஸாலோ இந்தப் பேனாவாலோ பிரிக்க முடியாது. ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகங்களின் ரிப்போர்ட்தான் சொல்லும். ரிப்போர்ட் எண்ணை அவர்களின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். கல்லின் விளிம்பில் அதே எண் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஏழு கல் தோட்டில் பின்பக்கம் மூடிய கட்டிடம் (கல் பதிக்கும் அமைப்பு) இருந்தால் கல்லின் அடிப்பகுதி தெரியாது, எடையும் அவர்கள் சொல்வதை நம்ப வேண்டியதுதான். புதிதாகச் செய்யச் சொல்கிறவர்கள் பின்பக்கம் திறந்த கட்டிடமாகக் கேளுங்கள்.

முத்தைப் பற்றி இந்தப் பக்கத்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கொற்கை, தூத்துக்குடி என்று பெருமை இருந்தாலும் மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துவிட்டது. இன்று கடையில் இருப்பது பெரும்பாலும் சீனத்து நன்னீர் வளர்ப்பு முத்து. ‘ஹைதராபாத் முத்து’ என்றால் அங்கே துளையிட்டுக் கோத்தது என்று பொருள். முன்பல்லின் ஓரத்தில் லேசாகத் தேய்த்தால் முத்து நறநறக்கும், போலி வழுக்கும். இந்தச் சோதனை போலியைப் பிரிக்குமே தவிர, இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் பிரிக்காது.

சிவப்புப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. லென்ஸில் மரத்தின் ரேகை போன்ற மெல்லிய இணைகோடுகள் தெரியும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து அடிப்பக்கத்தில் தடவிப் பஞ்சு சிவந்தால் சாயம். ராமேஸ்வரம் கடற்கரையில் பொறுக்கும் பவளப்பாறைத் துண்டு நகைக்கு ஆகாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம்.

கோமேதகத்தின் உள்ளே சர்க்கரைப் பாகு கரைந்து ஓடுவது போன்ற அலை தெரியும். அது தெரியாமல் கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தால் யோசியுங்கள். வைடூரியத்தில் ஒற்றை டார்ச் ஒளியில் பூனைக்கண் கோடு கூர்மையாக நகர வேண்டும். கல்லைப் பக்கவாட்டில் பார்த்துத் தேன்கூடு போன்ற அறைகள் தெரிந்தால் அது கண்ணாடி இழை.

செய்யக் கூடாத சோதனைகள்

நீலத்தைப் பாலில் போட்டால் பால் நீலமாகும் என்பார்கள். நீலக் கண்ணாடியைப் போட்டாலும் அப்படித்தான் தெரியும். ஒளி ஊடுருவும் எந்த நிறக் கல்லும் செய்யும் வேலை அது. கண்ணாடியைக் கீறிப் பார்ப்பதும் பயனற்றது. கண்ணாடியின் கடினம் ஐந்தரை, சாதாரணப் படிகமே 7, கீறத்தான் செய்யும். கல்லின் மேல் அரம் போடுவது, நெருப்பில் காட்டுவது, பவளத்தில் வினிகர் விடுவது எல்லாம் நல்ல கல்லைக் கெடுக்கும் வழிகள்.

கடையில்

காலை பத்து, பதினொரு மணி வெளிச்சத்தில் போங்கள். கடைக்குள் இருக்கும் மஞ்சள் விளக்கு சிவப்பையும், வெள்ளை எல்.இ.டி. நீலத்தையும் தூக்கிக் காட்டும். ‘அண்ணே, வாசல் வெளிச்சத்துல ஒரு தடவ பாத்துக்கிறேன்’ என்று கேளுங்கள். கடைக்காரர் ஒருவர் கூடவே வருவார், அதில் தவறில்லை. நேர் வெயில் வேண்டாம், நிழலில் வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள்.

ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து ஹெச்.யூ.ஐ.டி. எண்ணும் தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான். கல்லைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை. காரட் என்ற சொல்லும் இரண்டு வேலை செய்கிறது: தங்கத்துக்குத் தரம், கல்லுக்கு எடை. பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். 8 கிராம் மோதிரத்தில் 5 காரட் கல் இருந்தால் தங்கம் 7 கிராம்தான். பிரிக்காமல் போட்டால் ஒரு கிராம் கல்லுக்கும் தங்க விலை கொடுத்திருப்பீர்கள். அரக்கு நிரப்பிய பழைய மாதிரி நகையென்றால் அரக்கின் எடையையும் கேட்டுக் கழிக்கச் சொல்லுங்கள்.

தினசரி போடும் மோதிரத்துக்கு 7-க்கு மேல் கடினமுள்ள கல்லையே தேர்ந்தெடுங்கள். நம் ஊர்த் தூசியில் படிகத் துகள் கலந்திருக்கிறது, அதன் கடினம் 7. உலர்ந்த துணியால் துடைக்கும்போதெல்லாம் மென்மையான கல்லின் மேல் மெல்லிய கீறல் விழும். கோமேதகம் சில ஆண்டுகளில் மங்குவது இதனால்தான். எந்தக் கல்லையும் முதலில் தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகு துடையுங்கள். முத்தையும் பவளத்தையும் குளித்து, பவுடர், சென்ட் எல்லாம் போட்ட பிறகு கடைசியாக அணிந்து, இரவில் முதலில் கழற்றி, ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்துத் தனித் துணிப்பையில் வையுங்கள். அரக்கு நகையை வெந்நீரில் போடவே கூடாது.

மோதிரத்தை அளவு மாற்றப் பத்தரிடம் கொடுக்கும்போது, கல்லைக் கழற்றி உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். தனியாகக் கிடைத்த அந்த அரைமணி நேரத்தில் கல்லை எடை போட்டுக் குறித்து, லென்ஸ் வழியே செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் புள்ளியும் கோடும்தான் உங்கள் கல்லின் அடையாளம். திரும்பப் பதித்து வந்ததும் அதே புள்ளி அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுங்கள்.